பேவர் கல் தரைக்கான பராமரிப்புப் பொருள்கள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

வீட்டைச் சுற்றித் தரையில் ஒன்றையொன்று ஒட்டிப் பதித்த சிமென்ட் பேவர் கற்களைப் பராமரிப்பதற்கென்றே இன்று ஏராளமான பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. கறை நீக்கும் கரைசல்கள், உப்புப் பூத்த வெண்படலத்தைக் கரைக்கும் அமிலங்கள், இடுக்குகளை நிரப்பும் மணல் வகைகள், மேலே பூசும் காப்புப் பூச்சுகளான சீலர்கள், தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் போன்ற கருவிகள் என்று அந்த வரிசை நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றை என் வீட்டு நடைபாதையிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனப் பெயர்களைச் சொல்லாமல் பொருள்களின் வகைகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்; ஒரே வகையில் ஒரு நிறுவனத்தின் தயாரிப்புக்கும் மற்றொன்றின் தயாரிப்புக்கும் உள்ள வேறுபாடு சிறியது, ஆனால் எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தரையின் ஆயுளையே மாற்றிவிடுகிறது.

ஒவ்வொரு பொருளையும் நான் ஒரே கேள்வியை வைத்து அளக்கிறேன்: கற்களுக்கு இடையில் இருக்கும் மணலை இது காக்கிறதா, கெடுக்கிறதா? விற்பனை விளம்பரங்கள் எல்லாம் கல்லின் நிறத்தையும் பளபளப்பையும் பற்றியே பேசுகின்றன. தரை உறுதியாக நிற்பதோ இடுக்கில் இருக்கும் மணலால்தான். பொதுவாக நடைபாதைக்கு 60 மில்லிமீட்டர் தடிமனும், வண்டி ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கற்களைப் பதிக்கிறார்கள். அவற்றின் அடியில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் மணல் படுகையும், அதற்கும் கீழே நன்றாக இடித்து இறுக்கிய ஜல்லி அடித்தளமும் இருக்கும். கற்களுக்கு நடுவே விடப்படும் 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான இடுக்கில் மணல் நிறைந்து இறுகும்போது, ஒரு கல்லின் மேல் விழும் பாரம் உராய்வின் வழியாக அக்கம்பக்கத்துக் கற்களுக்கும் பகிரப்படுகிறது. மணல் வெளியேறிவிட்டால் ஒவ்வொரு கல்லும் தனித்துவிடுகிறது. காலை வைத்தால் ஆடுகிறது, விளிம்புகள் ஒன்றோடொன்று மோதி உடைகின்றன, மழைநீர் அடியில் இறங்கிப் படுகையை அரித்துக் கொண்டுபோகிறது. தரை பள்ளம் விழுந்த பிறகு கல்லைக் குறை சொல்பவர்களைப் பார்க்கிறேன். அந்த வீடுகளில் பெரும்பாலும் கல் நன்றாகவே இருக்கிறது, இடுக்குதான் காலியாக இருக்கிறது.

மணல் வகைகளில் இப்போது அதிகம் பரிந்துரைக்கப்படுவது பாலிமர் மணல். சீராகச் சலித்த மணலோடு பிணைப்புப் பொருளைத் தூளாகக் கலந்து மூட்டையில் அடைத்துத் தருகிறார்கள். உலர்ந்த நிலையில் இடுக்குகளில் நிரப்பி, மேலே தண்ணீர் தெளித்தால் அந்தப் பிணைப்புப் பொருள் இளகி மணல் துகள்களைப் பற்றிக்கொள்கிறது. உலர்ந்ததும் ஓரளவு நெகிழும் தன்மையோடு கெட்டியாகிவிடுகிறது. சரியாக நிரப்பிய இடத்தில் இதன் பலன் கண்கூடு. கனமழைக்குப் பிறகும் மணல் வெளியேறுவதில்லை, எறும்புகள் எளிதில் துளைத்து மணலை மேலே தள்ள முடிவதில்லை, களைகளும் வெகுவாகக் குறைகின்றன. சரிவான பாதைகளுக்கும், கூரைத் தண்ணீர் விழும் இடங்களுக்கும், எறும்புத் தொல்லை ஓயாத ஓரங்களுக்கும் இதற்கு இணையான பொருள் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இது பொறுமையற்றவர்களுக்கான பொருள் அன்று. கல்லும் இடுக்கும் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும்; கையால் தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்கு மட்டும் உலர்ந்திருந்தால் போதாது, இடுக்கின் ஆழத்திலும் ஈரம் இருக்கக் கூடாது. பழைய மணலை மேலாகச் சுரண்டிவிட்டு அதன் மேல் சிறிதளவு பாலிமர் மணலைத் தூவினால், அந்த மெல்லிய மேலோடு சில மாதங்களில் பெயர்ந்து வந்துவிடும். மூட்டையில் குறிப்பிட்டுள்ள குறைந்தபட்ச ஆழம் வரையிலாவது பழைய மணலை அகற்றியாக வேண்டும். நிரப்பிய பிறகு கற்களை அதிர்வுத் தட்டு இயந்திரத்தால் இறுக்கினால் மணல் அடிவரை இறங்கும். இயந்திரத்தின் அடியில் ரப்பர் பாய் கட்டாவிட்டால் கல்லின் மேற்பரப்பு தேய்ந்து கீறல் விழும். இயந்திரம் கிடைக்காத சிறிய இடங்களில் ரப்பர் சுத்தியலால் கற்களைத் தட்டித் தட்டி மீண்டும் நிரப்பலாம். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், வேலை கெடாது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது தண்ணீர் தெளிப்பதற்கு முந்தைய கட்டத்தில்தான். கல்லின் மேல் தங்கிய மணலையும் நுண்தூளையும் மென்மையான துடைப்பத்தால் பெருக்கிய பிறகு, காற்றூதியைக் குறைந்த வேகத்தில் வைத்து மிச்சத்தையும் போக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு தூள் தங்கினாலும் தண்ணீர் பட்டதும் அது கல்லோடு ஒட்டி, வெண்மையான மங்கலாகப் படிந்துவிடுகிறது. அதை எடுப்பது இடுக்கை நிரப்பியதைவிடப் பெரிய வேலை. தண்ணீரையும் குழாயிலிருந்து நேராகப் பாய்ச்சாமல், பூவாளித் தூறலாகப் பகுதி பகுதியாக, இடுக்கு நனையும் அளவுக்கு மட்டும் தெளிக்க வேண்டும். அதிகமாக ஊற்றினால் பிணைப்புப் பொருள் மிதந்து மேலே வந்துவிடும். குறைவாகத் தெளித்தால் மேல் அடுக்கு மட்டும் கெட்டியாகி அடியில் வெறும் தூளாகவே இருக்கும். அடுத்த நாள் முழுவதும் மழை வராது என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே இந்த வேலையைத் தொடங்கலாம். மணலைக் கொட்டும்போது கிளம்பும் தூசியில் நுண்ணிய சிலிக்கா துகள்கள் இருப்பதால் முகக்கவசம் கட்டாயம். இவ்வளவு முக்கியமான எச்சரிக்கைகளைச் சில மூட்டைகள் பின்பக்கத்தில் கண்ணை உறுத்தும் சிறிய எழுத்தில் அச்சிட்டு, முன்பக்கத்தில் களையே முளைக்காது என்று பெரிதாகப் போட்டிருப்பதை நான் கடுமையாக ஆட்சேபிக்கிறேன்.

களையே முளைக்காது என்ற அந்த வாக்கும் முழு உண்மை அன்று. பேவர் இடுக்குகளில் முளைக்கும் களைகளில் பெரும்பாலானவை அடியிலிருந்து மேலே வருவன அல்ல. காற்றில் பறந்து வந்த விதைகள், இடுக்கின் மேல் படிந்த மண்ணிலும் மக்கிய இலைத் தூளிலும் விழுந்து முளைக்கின்றன. எந்த மணலைப் போட்டாலும் மேலே குப்பை படிய விட்டால் களை வந்தே தீரும். வாரம் ஒருமுறை விறைப்பான துடைப்பத்தால் பெருக்குவது, விலையுயர்ந்த எந்த மணலும் தராத பாதுகாப்பைத் தருகிறது. நிழலில் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்துக்கும், தண்ணீர் தேங்கும் இடத்துக்கும் பாலிமர் மணலை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலர வாய்ப்பில்லாத இடத்தில் அது மெல்ல மெல்ல இளகிப் பாசி பிடிக்கிறது.

இனி, விளம்பரமே இல்லாத சாதாரண இடுக்கு மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுவி, சலித்து, உலர்த்திய, கூர்முனை உள்ள நுண்மணலே இதற்கு ஏற்றது. உருண்டை மணிகளாக இருக்கும் மணல் இறுகாது. களிமண் கலந்த மணல் ஈரத்தைப் பிடித்துவைத்துக் களைக்குப் பாத்தி கட்டிக்கொடுக்கும். மணலைக் கல்லின் மேல் பரப்பி, எல்லாத் திசைகளிலும் பெருக்கி, தட்டி இறக்கி, மீண்டும் பெருக்கினால் வேலை முடிந்தது. கல்லின் மேல் விளிம்புச் சரிவுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தாழ்வாக மணல் நிற்பதுதான் சரியான மட்டம். முதல் ஆண்டில் சில முறை நிரப்ப வேண்டியிருக்கும். அதன் பிறகு மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பார்த்துக் குறைந்த இடங்களில் தூவினால் போதும். சமதளமான, வெயில் படும் பெரும்பாலான வீட்டுத் தரைகளுக்கு இதுவே போதுமானது என்பது என் உறுதியான கருத்து. பிழை நேர்ந்தாலும் பெருக்கி எடுத்துவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை. பாலிமர் மணலில் அந்தச் சலுகை இல்லை.

மணல் அடிக்கடி போகிறதே என்று இடுக்குகளில் சிமென்ட் பாலை ஊற்றிவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். பேவர் தரை வெப்பத்தில் விரிந்தும் பாரத்தில் சற்றே அசைந்தும் தன்னைச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு. சிமென்டால் பூட்டிவிட்டால் அந்த அசைவு விரிசலாக வெளிப்படும். பின்னால் ஒரு கல்லை எடுக்க வேண்டிவந்தால் பக்கத்துக் கற்களும் சேர்ந்து உடையும்.

பிரஷர் வாஷர் நல்ல கருவிதான், ஆனால் பேவர் தரையில் அதைக் கையாளும் முறை வேறு. பாசியும் அழுக்கும் பிடித்த கல்லை அது சில நிமிடங்களில் புதிதாக்கிக் காட்டும். அதே நிமிடங்களில் இடுக்கு மணலையும் வாரி எடுத்துவிடும். விசிறி போல் பரவும் 25 அல்லது 40 டிகிரி முனையை மட்டுமே பொருத்த வேண்டும். ஒற்றைக் கோடாகப் பாயும் முனையையும் சுழலும் முனையையும் இங்கே எடுக்கவே கூடாது, அவை கல்லின் மேற்பரப்பிலுள்ள சிமென்டை அரித்து உள்ளே இருக்கும் பொடிஜல்லியை வெளிக்காட்டிவிடும். முனையைக் கல்லிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்து, இடுக்குகளுக்கு நேராக இல்லாமல் குறுக்குச் சாய்வாக நகர்த்தினால் சேதம் குறையும். வீட்டுக்கு 70 முதல் 100 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும் சிறிய இயந்திரமே தாராளம். அதற்கு மேற்பட்ட அழுத்தத்தைப் பெருமையாகச் சொல்லி விற்கும் இயந்திரங்கள் பேவர் தரைக்குத் தேவையற்றவை. கழுவி முடித்த தரை நன்றாக உலர்ந்ததும் மணலை மீண்டும் நிரப்ப வேண்டும். இதைச் செய்ய நேரமில்லை என்றால் அன்று கழுவுவதையே தள்ளிவைப்பது நல்லது. கழுவித் தரும் சேவையை அமர்த்துவோரும், மணல் நிரப்புவது அவர்கள் வேலையில் சேருமா என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கற்களைப் பளிச்சென்று கழுவிவிட்டு இடுக்குகளைக் காலியாக விட்டுச்செல்லும் சேவைக்கு எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் அது கூடுதல் செலவுதான்.

வேதிப்பொருள்களில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது உப்புப் பூத்தலுக்கான அமிலம். புதிதாகப் பதித்த கற்களில் தோன்றும் வெண்படலத்தைக் கண்டு பலர் கல்லே தரமற்றது என்று கலங்குகிறார்கள். சிமென்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெள்ளைப் படலம் என்பது அவ்வளவே. கல்லின் வலிமைக்கு இதனால் குறைவு இல்லை. மழையிலும் நடமாட்டத்திலும் பெரும்பாலும் தானாகவே தேய்ந்து போய்விடும். காத்திருப்பதற்குக் காசு வேண்டியதில்லை என்பதால் யாரும் அதை விற்பதில்லை. என் பரிந்துரை அதுதான். கட்டாயம் நீக்கியே ஆக வேண்டுமானால், பேவர் கற்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட, வீரியம் கட்டுப்படுத்தப்பட்ட கரைசலை வாங்கி, கல்லை முன்கூட்டியே நனைத்து, ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே முழுவதும் பூச வேண்டும். கழிவறைக்கு வாங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அப்படியே ஊற்றினால் வெண்படலத்தோடு சிமென்ட் மேற்பரப்பும் கரைந்து, நிறம் திட்டுத் திட்டாக வெளிறிவிடும்; அந்தச் சேதத்தை எந்தப் பொருளும் மீட்டுத் தராது. நீர்க்க வைக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

பாசிக்குச் சோடியம் பெர்கார்பனேட் அடிப்படையிலான வெளுப்பான் தூள் எனக்கு முழு நிறைவைத் தந்தது. தண்ணீரில் கரைத்துத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, நைலான் தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். செடிகளுக்கும் குளோரின் வெளுப்பானைவிட இது தீங்கு குறைந்தது. குளோரின் வெளுப்பானும் பலன் தருவதுதான், ஆனால் அதை அமிலத்தோடு சேர்த்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஆகவே ஒரே நாளில் இரண்டையும் அந்தத் தரையில் பயன்படுத்தவே கூடாது. துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த கரைசல் நன்றாக வேலை செய்கிறது. இரும்புத் தொட்டிகளின் அடியிலும் நாற்காலிக் கால்களின் அடியிலும் ரப்பர் வைத்தால் அந்தக் கரைசலே தேவைப்படாது. கம்பித் தூரிகையால் தேய்ப்பது இதற்கு நேர் எதிரான பலனைத் தரும்: அதன் முறிந்த கம்பித் துணுக்குகள் இடுக்கில் தங்கிப் புதிய துருக்கறைகளை உண்டாக்கும்.

எண்ணெய்க் கறையைப் பொறுத்தவரை, எந்தக் கரைசலை வாங்குகிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாகச் செயல்படுகிறோம் என்பதே முக்கியம். சிந்திய உடனே தேய்க்காமல், உலர்ந்த மணலையோ மரத்தூளையோ கொட்டி உறிஞ்சவிட்டு அள்ளிவிட வேண்டும். அதன் பிறகு மிஞ்சியதற்கே கிரீஸ் நீக்கி. சிமென்ட் கல் நுண்துளைகள் நிறைந்தது என்பதால் உள்ளே இறங்கிவிட்ட பழைய எண்ணெயை எந்தக் கரைசலும் முழுமையாக வெளியே இழுப்பதில்லை. அப்படிப்பட்ட கல்லை எடுத்துவிட்டு வேறொரு கல்லை வைப்பதே எளிது.

சீலர்களைப் பற்றித்தான் எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. பேவர் தரைக்குச் சீலர் கட்டாயம் என்பதுபோல் ஒரு நம்பிக்கை பரப்பப்படுகிறது. நன்றாகச் செய்த கல்லுக்கும் நிறைந்த இடுக்குக்கும் அது கட்டாயம் அன்று. இரு வகைகள் முக்கியமானவை. அக்ரிலிக் போன்றவை கல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, நிறத்தை அடர்த்தியாக்கி, நனைந்த கல்லைப் போன்ற பளபளப்பைத் தருகின்றன. இடுக்கு மணலையும் ஓரளவு பிணைக்கின்றன, எண்ணெய் உடனே உள்ளிறங்காமல் தடுக்கின்றன. சமையல் அடுப்பு வைக்கும் வெளிமுற்றத்துக்கும் எண்ணெய் சொட்டும் வண்டி நிற்கும் இடத்துக்கும் இந்தப் பயன் உண்மையானது. ஆயினும் அந்தப் படலம் சில ஆண்டுகளில் வெயிலிலும் நடமாட்டத்திலும் தேய்ந்து திட்டுத்திட்டாகிவிடும்; மறுபூச்சு பூசியே தீர வேண்டிய கடமையை நாமே விலைகொடுத்து வாங்கிக்கொள்கிறோம். பழைய படலத்தின் மேல் பல முறை பூசப் பூச ஈரம் வெளியேற வழியின்றிப் பால் போல் வெளுக்கும். நனைந்தால் வழுக்கும் என்பதால் முதியவர்கள் நடமாடும் பாதையில் இதைப் பூசுவதை நான் ஏற்க மாட்டேன்.

சிலேன், சிலோக்சேன் என்ற சிலிக்கான் சேர்மங்களின் அடிப்படையிலான ஊடுருவும் சீலர் இரண்டாம் வகை. இது கல்லின் துளைகளுக்குள் இறங்கி நீர் உறிஞ்சுதலைக் குறைக்கிறது. தோற்றத்தில் மாற்றம் தெரியாது, வழுக்காது, கல்லும் மூச்சுவிட முடியும். உறைபனியும் உருகலும் மாறி மாறி வரும் இடங்களிலும், பனிக்கு உப்புத் தூவும் வழக்கம் உள்ள இடங்களிலும் இதை வாங்குவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பளபளப்பை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள், எண்ணெய்க்கும் இது முழுக் காப்பு அன்று. எந்த வகையானாலும், புதிய தரையில் இரண்டு மூன்று மாதங்களாவது பொறுத்து, உப்புப் பூத்தல் அடங்கிய பிறகே பூச வேண்டும். இல்லாவிட்டால் வெண்படலம் சீலரின் அடியில் சிறைப்பட்டு, கழுவினாலும் போகாததாகிவிடும். ஏற்கெனவே சீலர் பூசிய தரையா என்று தெரியாத வீட்டில், முதலில் கல்லின் மேல் சில துளித் தண்ணீரை விட்டுப் பாருங்கள். துளி உருண்டு நின்றால் சீலர் இன்னும் இருக்கிறது, புதிதாக எதையும் பூச வேண்டாம். கல் கறுத்து நீரை இழுத்துக்கொண்டால் பூச்சு இல்லை அல்லது தேய்ந்துவிட்டது.

வாங்கத்தக்க கருவி என்று நான் மனதாரப் பரிந்துரைப்பது பேவர் கல்லைத் தூக்கும் கொக்கிப் பிடியை. இரண்டு தட்டையான திருப்புளிகளாலும் அந்த வேலையைச் செய்யலாம், ஆனால் கல்லின் விளிம்பு சிதைய வாய்ப்புண்டு. கொக்கிப் பிடி இரு எதிர்ப் பக்கங்களில் இறங்கிக் கல்லை நேராக மேலே தூக்குகிறது. பேவர் தரையின் மிகப் பெரிய வரமே இந்த எடுத்து வைக்கும் வசதிதான். தாழ்ந்த இடத்தில் கற்களை எடுத்து, அடித்தளம் இறங்கியிருந்தால் ஜல்லியைச் சேர்த்து இடித்து இறுக்கி, மணல் படுகையை மட்டப்பலகையால் சமன்செய்து, அதே கற்களை மீண்டும் வைத்து இடுக்கை நிரப்பினால், கற்கள் பழையவையே என்பதால் பழுது பார்த்த தடம்கூடத் தெரியாது. பள்ளத்தை மேலும் மணலைக் கொட்டி மட்டும் உயர்த்துவது சரியன்று. படுகை தடித்த இடம் விரைவில் மீண்டும் இறங்கும். ஓரக் கற்கள் வெளியே நகர்ந்திருந்தால் அந்த ஓரக்கட்டைச் சீர்செய்யாமல் உள்ளே எத்தனை மணல் நிரப்பினாலும் இடுக்குகள் மீண்டும் விரியும்.

நீர் உறிஞ்சும் வகைப் பேவர் தரை உள்ளவர்களுக்கு மேலே சொன்ன மணல் வகைகள் எதுவும் பொருந்தாது. அந்தத் தரையில் இடுக்குகள் அகலமானவை. மழைநீர் நிலத்துக்குள் இறங்குவதற்காகவே அவற்றில் பொடிஜல்லி நிரப்பப்பட்டிருக்கும். அங்கே நுண்மணலைத் தூவினாலோ படலம் அமைக்கும் சீலரைப் பூசினாலோ தரையின் நோக்கமே அடைபட்டுவிடும். உறிஞ்சும் இயந்திரத்தால் படிந்த தூசியை எடுத்துவிட்டு, குறைந்த இடத்தில் அதே அளவுப் பொடிஜல்லியைச் சேர்ப்பதே அதற்கான பராமரிப்பு. ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு இடுக்கைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே இருப்பது மணலா ஜல்லியா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.